செல் வீக் என்று எழுதியவர்

இன்வெர்ட்டர் கிளம்பவில்லை என்று சொல்லி அனுப்பினால் அவர் உடனே வந்துவிடுவார். வந்த பிறகுதான் தாமதமெல்லாம். செருப்பைக் கழற்றி இரண்டையும் ஜோடி சேர்த்து வாசலில் வைப்பார். நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்பார். இன்வெர்ட்டர் இருக்கும் மூலைப் பக்கம் திரும்பவே மாட்டார். வீட்டில் இருக்கிற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு பேச்சுக் கொடுப்பார்.

"எப்போலேர்ந்து கிளம்ப மாட்டேங்குது?"

"நேத்து சாயங்காலத்துலேர்ந்து."

"அதுக்கு முன்னால நல்லா ஓடிச்சா?"

"ஓடிச்சு."

"நேத்து வீட்ல இன்னா விசேசம்? யாராச்சும் ஊர்லேர்ந்து வந்தாங்களா? பொட்டிய நகத்தினீங்களா, தொடச்சீங்களா?"

எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் இதற்கு ஒரே பதில்தான். "நாங்க எதையுமே தொடல."

"தொட்டிருக்க மாட்டீங்க," என்று அவரும் பெரிதாகத் தலையாட்டுவார். அப்புறம், "ஒரு சொம்பு வெந்நீர் வெச்சு எடுத்தாங்கம்மா," என்பார்.

வெந்நீருக்குக் காரணம் உண்டு. பேட்டரியின் முனைகளில் உப்பு மாதிரி வெள்ளையாகப் பூத்துவிடும். வெந்நீர் ஊற்றினால் கரைந்துபோகும். ஆனால் அது கொதித்து வருவதற்குள் அவர் வேலை முடிந்திருக்கும். பல தடவை அந்தச் சொம்பை வாங்கி, வாசலில் குரோட்டன்ஸ் செடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "ஆறட்டும்" என்று சைக்கிளை எடுத்துவிடுவார். ஆளை அடுப்படிக்கு அனுப்புவதற்குத்தான் அந்த வெந்நீர் என்று எனக்குப் புரியவே இரண்டு வருடம் ஆனது. தப்பு எங்கே நடந்தது என்று அவர் கண்டுபிடிக்கிற நேரத்தில், தப்புச் செய்த ஆள் எதிரில் நிற்கக்கூடாது.

எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தின் லேம்ப் ரூமில் அவருக்கு வேலை. ஷிப்டுக்கு இறங்குகிறவர்கள் பித்தளை டோக்கனைக் கொடுத்துவிட்டு, தொப்பியில் மாட்டும் விளக்கையும் இடுப்பில் கட்டும் பேட்டரியையும் வாங்கிக்கொண்டு, கீழே இறக்கும் இரும்புக் கூண்டான கேஜில் ஏறுவார்கள். மேலே வந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். திரும்பி வந்த விளக்குகளை வரிசையாக மாட்டி, சார்ஜ் ஏற்றி, தண்ணீர் விட்டு, அடுத்த ஷிப்டுக்குத் தயார் செய்வது இவர் பாடு. ஆசிட்டோடு குடித்தனம் நடத்திய மனிதர். அவருடைய எந்தச் சட்டையை எடுத்தாலும் வயிற்றுப் பக்கம் சல்லடைதான். தீபாவளிக்கு எடுத்த புதுச் சட்டையைக்கூட பொங்கலுக்குள் சல்லடையாக்கிவிடுவார்.

தொண்ணூறுகளின் கடைசி வருடங்கள் அவை. சுரங்கத்துக்குள் இறங்கும் குழிகளில், ஒவ்வொரு ஷாஃப்டாக வேலை குறைந்துகொண்டு வந்தது. சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு ஊரில் தினமும் இருந்தது. அந்தப் பேச்சைப் போலவே கரண்ட்டும் தினமும் போனது. வசதி உள்ளவர்கள் இன்வெர்ட்டர் வாங்கினார்கள். பேட்டரி விஷயம் தெரிந்த ஆள் என்று எல்லோரும் இவரைத்தான் கூப்பிட்டார்கள்.

பஜாரில் எஸ்.டி.டி. பூத் நடத்திய அம்மா ஒருத்தி இருந்தாள். அவளுடைய இன்வெர்ட்டர் வாரம் ஒருமுறை மண்டையைப் போடும். இவர் போய்ப் பார்ப்பார். "வெளிய லைன்ல கரண்டு ஏறி எறங்குதும்மா," என்பார். அந்த அம்மா மின்சார ஆபீஸ்காரர்களைத் திட்டித் தீர்ப்பாள். உண்மை என்னவென்றால், கரண்ட் இல்லாத நேரத்தில் அவள் இஸ்திரிப் பெட்டியை இன்வெர்ட்டர் லைனில் சொருகித் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சின்னப் பெட்டி இஸ்திரிப் பெட்டியைத் தாங்குமா? நாலாவது தடவை போனபோது இவர் வெந்நீர் கேட்டார். அவள் உள்ளே போன நேரத்தில் இஸ்திரிப் பெட்டியின் வயரில் ஒரு முழத்தை வெட்டி, மறுபடி பிளக்கை மாட்டிவிட்டார். அதற்கப்புறம் வயர் அந்த சாக்கெட் வரைக்கும் எட்டவில்லை. அந்த அம்மா இஸ்திரிப் பெட்டியை வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டாள். வயர் எப்படிக் குட்டையானது என்று அவளுக்குக் கடைசிவரை தெரியாது.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வாத்தியார் ஒருவர் பேட்டரியைக் கழற்றித் துடைத்துவிட்டு, பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றி மாட்டிவிட்டார். புகை வந்தது. மனைவி, மாமியார், மச்சினன் எல்லோரும் சுற்றி நிற்க, இவர் டார்ச் அடித்து உள்ளே பார்த்துவிட்டு, "எலி கடிச்சிருக்குது சார்," என்றார். வாத்தியாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்த வீட்டில் எலியே கிடையாது. இவர் சொன்ன எலிக்காக ஒரு மாதம் தேங்காய்ச் சில் வைத்துப் பொறியோடு காத்திருந்தார்கள். அவர் போன பிறகு பேட்டரியின் பிளஸ் முனையில் மட்டும் வாத்தியார் மனைவியின் சிவப்பு நகப்பூச்சு பூசியிருந்தது. அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

இப்படிச் செய்கிற மனிதருக்கு ஊரில் என்ன பெயர் கிடைக்கும்? அரைகுறை என்ற பெயர்தான் கிடைத்தது. எந்த வீட்டிலும் மிஷினில்தான் கோளாறு, லைனில்தான் கோளாறு, எலியில்தான் கோளாறு. ஒருத்தருக்கும் உருப்படியாக ஒரு காரணம் சொன்னதில்லை. "அவருக்குத் தெரிஞ்சா சொல்ல மாட்டாரா?" என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். நானும் பேசினேன். கொஞ்சம் அதிகமாகவே பேசினேன்.

என் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். நான் அப்போது பெங்களூரில் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். விடிவதற்கு முன் எழுந்து, சமைத்து மூடி வைத்து, ஊரிகம் ஸ்டேஷனுக்கு ஓடி ரயில் பிடிப்பேன். போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை மணி நேரம். லேடீஸ் பெட்டியில் யார் தோளில் தூங்கினேன், யார் என் தோளில் தூங்கினார்கள் என்று கணக்கு இல்லை. வீட்டுக்கு வரும்போது கால் வீங்கியிருக்கும், வாயில் நல்ல வார்த்தை வராது. ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பதற்கு. அந்த வருடங்களைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது களைப்புதான். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான் வரும்.

வீட்டில் நானும் அப்பாவும் மட்டும்தான். அம்மா முன்னமே போய்விட்டாள். அப்பா இருபத்தெட்டு வருடம் பூமிக்கடியில் பாறைக்குத் துளை போட்டவர். அந்தத் தூசியெல்லாம் மார்பில் போய் உட்கார்ந்துகொண்டது. பத்து அடி நடந்தால் மூச்சு வாங்கும். மூச்சு முட்டும்போது முகத்துக்கு நேராகக் காற்று வேண்டும். மேஜை ஃபேனை ஒரு முழ தூரத்தில் வைத்துக்கொண்டு, வாயைக் கொஞ்சம் திறந்தபடி அதன் எதிரில் உட்கார்ந்திருப்பார். அந்தக் காற்று நின்றால் கண்ணில் பயம் வந்துவிடும். அந்தக் கண்ணைப் பார்த்த பிறகுதான் இன்வெர்ட்டர் வாங்கினேன்.

பெங்களூரில் ஒரு சின்னக் கடையில் செய்து கொடுத்த பெட்டி அது. தானாக ஓடத் தொடங்காது. கரண்ட் போனதும் ஃபேன் பிளக்கைப் பெட்டியின் பின்னால் சொருகி, முன்னால் இருக்கும் பட்டனை அமுக்க வேண்டும். கரண்ட் இருக்கிற நேரத்தில் சுவரில் உள்ள சுவிட்ச் வழியாக பேட்டரிக்கு சார்ஜ் ஏறும். ஏறும்போது முன்பக்கம் ஒரு சிவப்பு லைட் எரியும். அவ்வளவுதான். பட்டன் அமுக்குவதை அப்பா அரை நிமிடத்தில் கற்றுக்கொண்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

மூன்று வாரம்தான் அந்த நிம்மதி. ஒரு சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தால், பக்கத்து வீட்டு அக்கா முறத்தால் அப்பாவுக்கு விசிறிக்கொண்டிருக்கிறாள். பட்டனை அமுக்கிப் பார்த்தேன். ஒரு டிக், ஒரு கீச், அப்புறம் சத்தமில்லை.

அவர் வந்தார். அப்பாவோடு வேலை பார்த்தவர் என்பதால் நான் அவரைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவேன். சார்ஜ் பார்க்கிற கண்ணாடிக் குழாயை பேட்டரிக்குள் விட்டு ஆசிட்டை உறிஞ்சி, குழாய்க்குள் மிதக்கும் குண்டைப் பார்த்தார். "பேட்டரி கொஞ்சம் டல்லா கீது பாப்பா," என்றார். சைக்கிளில் கட்டி எடுத்துப்போய் சார்ஜ் ஏற்றிக் கொண்டுவந்து மாட்டினார். ஓடியது. பத்து நாள் கழித்து அதே டிக், அதே கீச்.

"இன்னா சித்தப்பா இது? புது பேட்டரி. அதுக்குள்ள டல்லாயிடுமா?"

"ஆவும்மா."

"ஏன் ஆவுது?"

"சில பேட்டரி அப்பிடித்தான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வாரத்தில் இருக்கிற ஒரே ஞாயிற்றுக்கிழமையும் இந்தப் பதிலுக்காகப் போகிறதே என்று இருந்தது. அவர் என்னை விட்டுவிட்டு அப்பா பக்கம் திரும்பினார். ஷிப்டு, பழைய மேஸ்திரி, எந்த லெவலில் எவ்வளவு சூடு என்று ஏதேதோ பேசினார்கள். நடுவில், யதேச்சையாகக் கேட்பது போல, "அண்ணா, பகல்ல அந்த செவப்பு லைட்டு எரியுதா?" என்றார்.

"எரியுது எரியுது," என்றார் அப்பா. பதில் கொஞ்சம் வேகமாக வந்தது.

"பாப்பா, வெந்நீர் வெய்யி."

நான் சொம்போடு திரும்பி வந்தபோது அவர் பெட்டியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். சிவப்பு லைட்டின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டியிருந்தது. அப்பா அதற்குள் கண்ணயர்ந்திருந்தார்.

"இது எதுக்கு?"

"கண்ணு கூசும் பாப்பா. அண்ணனுக்கு எதிர்லயே கீது பாரு."

கடுகு அளவு லைட். அது கண் கூசுமாம். நான் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. ஆனால் அதற்குப் பிறகு இன்வெர்ட்டர் ஒழுங்காக ஓடியது. மழைக்காலம் போனது, பனி போனது. மாதம் ஒருமுறை வந்து பேட்டரித் தண்ணீர் ஊற்றிவிட்டு, அப்பாவோடு ஒரு டீ குடித்துவிட்டுப் போவார். டேப்பைப் பற்றி நான் மறந்தே போனேன்.

அந்த நல்ல மாதங்களில் ஒருநாள் அப்பா தாமாகவே ஒரு விஷயம் சொன்னார். சுரங்கத்துக்குள் ஒரு கண்டிப்பு உண்டு. கையில் வேலை இல்லாதபோது விளக்கு எரியக்கூடாது. சாப்பிட உட்கார்ந்தால் நாலு பேருக்கு ஒரு விளக்கு, மற்ற மூன்றையும் அணைத்துவிட வேண்டும். கேஜ் நின்றுபோனால் எத்தனை நேரம் உள்ளே இருக்கவேண்டி வருமோ, யாருக்குத் தெரியும்? அப்பா இளவயதில் ஒருநாள் களைப்பில், விளக்கை எரியவிட்டபடி பாறையோரம் தூங்கிவிட்டார். ஷிப்டு முடியும்போது விளக்கு செத்துப்போயிருந்தது. முன்னால் போனவன் தோளைப் பிடித்துக்கொண்டு இருட்டில் நடந்து கேஜுக்கு வந்தார். மேலே லேம்ப் ரூமில் சித்தப்பாவிடம் ரிஜிஸ்டர் இருந்தது. விளக்கு ஏன் அணைந்தது என்று அதில் எழுத வேண்டும். தூங்கினான் என்று எழுதினால் மெமோ வரும், வேலைக்கே உலை வைத்தாலும் வைப்பார்கள்.

"தம்பி என் மூஞ்சப் பாத்தான். ஒண்ணும் கேக்கல. செல் வீக்குன்னு எழுதினான்," என்றார் அப்பா.

செல் வீக். பேட்டரிதான் பலவீனம், ஆள்மேல் தப்பில்லை. அந்த ரிஜிஸ்டரில் முக்கால்வாசிப் பக்கம் அதுதான் எழுதியிருக்குமாம். நல்ல விளக்குகளையெல்லாம் வீக் என்று எழுதுகிறான் என்று மேலதிகாரிகளிடம் இவர்தான் ஏச்சு வாங்கியிருக்கிறார். அப்பா அந்த நாளுக்குப் பிறகு எங்கேயும் ஒரு விளக்கையும் வீணாக எரியவிட்டதில்லை. நான் அடுப்படியில் நின்றுகொண்டிருக்கும்போதே பல்பை அணைத்துவிட்டுப் போவார். "அப்பா, நான் இங்கதான் கீறேன்," என்று இருட்டிலிருந்து கத்துவேன்.

இவ்வளவும் கேட்டும் எனக்கு மண்டையில் ஏறவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம்.

வெயில் காலம் வந்தது. கரண்ட் கட் அதிகமானது. ஆபீஸில் ஒரு ஷிப்மென்ட் பேப்பரில் நான் தப்பாக டைப் அடித்துவிட்டேன் என்று எல்லோர் முன்னாலும் மேனேஜர் என்னை நிற்க வைத்துப் பேசினார். மறுநாள் காலை, தலை வாரிக்கொண்டே இன்வெர்ட்டர் பக்கம் பார்த்தேன். அந்தக் கறுப்பு டேப் கண்ணில் பட்டது. சார்ஜ் ஏறுகிறதா இல்லையா என்று எப்படித் தெரியும்? இந்த அரைகுறை மனிதர் ஏதோ கோளாறை மறைக்கத்தான் ஒட்டியிருக்கிறார் என்று தோன்றியது. முந்தின நாள் கோபம் முழுக்க விரலுக்கு வந்தது. நகத்தால் சுரண்டிப் பிய்த்து ஜன்னல் வழியாக எறிந்தேன். சிவப்பு லைட் பளிச்சென்று எரிந்தது. அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். நான் ரயிலுக்கு ஓடினேன்.

நாலு நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாம் நாள் சாயங்காலம், பங்காரப்பேட்டையில் ரயிலை முக்கால் மணி நேரம் நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்கு வந்தபோது தெருவே இருட்டாக இருந்தது. கதவு திறந்து கிடந்தது. பக்கத்து வீட்டு அக்கா வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாத. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போயிகீறாங்க. உங்கப்பா பட்டன அமுத்தி அமுத்திப் பாத்திருக்கார் போல. காத்துக்காக வாசலுக்கு வந்தவரு படி தடுக்கி வுயுந்துட்டாரு."

உள்ளே மேஜை ஃபேன் கவிழ்ந்து கிடந்தது. அதன் பிளக் இன்வெர்ட்டரின் பின்னால் சரியாகத்தான் சொருகியிருந்தது. அதை மட்டும் பார்த்தேன். அப்புறம் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவர் வந்தார். வரும் வழியில் அக்காவிடம் சாவி வாங்கி, எங்கள் வீட்டில் பெட்டியைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். அப்பா மூக்கில் குழாயோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் கட்டிலின் இந்தப் பக்கம். அவர் அந்தப் பக்கம் நின்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணா, மன்னிச்சிக்கோணும். போன தபா நான் தண்ணி ஊத்த வந்தேன் இல்ல, வயர கயட்டினேன். திரும்ப சரியா முறுக்காம லூசா உட்டுட்டேன். அதான் கிளம்பல. தப்பு என்னுது."

அவர் வாயிலிருந்து, ஒரு மனிதரைக் காட்டித் தப்பு என்ற வார்த்தை வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் அதை அப்படியே நம்பினேன். எழுந்து கத்தப் போனேன். வார்த்தைகள்கூடத் தயாராக இருந்தன.

அப்பா தலையை ஆட்டினார். மூச்சை இழுத்து இழுத்துப் பேசினார்.

"இல்ல தம்பி. பொய் சொல்லாத. நாந்தான் சுவர்ல சுவிட்ச்ச அணைச்சேன். அந்த செவப்பு லைட்டு வேலையில்லாம எரிஞ்சிகினே இருந்துச்சு. மொதல்ல எரியும், நீ வந்து சரி பண்ணப்புறம் எரியாம இருந்துச்சு. இப்போ நாலஞ்சு நாளா திரும்ப எரிய ஆரம்பிச்சிருச்சு. சார்ஜெல்லாம் வீணாப் பூடுமேன்னு அணைச்சு வெச்சேன். பாப்பா வர்ற நேரத்துக்குத் திரும்பப் போடுவேன். அவ களைச்சுப்போய் வருவா. அவளுக்கு லைட்டு, காத்து வேணும்னு மிச்சம் பிடிச்சேன்."

எல்லாம் ஒரே நொடியில் எனக்குப் புரிந்தது. சுரங்கத்துக்குள் இறங்கியவருக்கு விளக்கை அணைத்து மிச்சம் பிடிக்க மட்டும்தான் தெரியும். சார்ஜ் ஏற்றுவது லேம்ப் ரூம்காரர்கள் வேலை, அதை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை. எரிகிற லைட் என்றால் செலவாகிற லைட். அதனால்தான் பகல் முழுக்க அணைத்து அணைத்து பேட்டரியைப் பட்டினி போட்டிருக்கிறார். அதைக் கண்டுபிடித்துத்தான் இந்த மனிதர் லைட்டின் மேல் டேப் ஒட்டினார். லைட் தெரியாவிட்டால் அப்பா அணைக்கமாட்டார். அவ்வளவு சுலபமான வைத்தியம். அதை நான் நகத்தால் பிய்த்து எறிந்திருக்கிறேன்.

"யாரு அணைச்சா இன்னா அண்ணா, வயரும் லூசுதான்," என்றார் அவர்.

"அப்பிடியா?" என்றார் அப்பா. கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது அவர் முகம்.

அந்தக் கட்டிலைச் சுற்றி மூன்று பேர் இருந்தோம். ஒருவர் செய்த தப்பை ஒத்துக்கொண்டார். ஒருவர் செய்யாத தப்பை ஒத்துக்கொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் என் பக்கம் திரும்பிப் பார்த்திருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன். அவர் திரும்பவில்லை.

வராந்தாவில் அவரைப் பிடித்தேன். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் சண்டைக்குத்தான் போனேன். எனக்கு அதுதான் சுலபமாக வந்தது.

"அப்பவே தெரியும் இல்ல சித்தப்பா? அப்பாதான் அணைக்கிறாருன்னு. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன?"

"சொன்னா நீ அவர ஏசுவே."

"ஏசினா ஏசறேன். அணைக்காம இருந்திருப்பாரே!"

அவர் சட்டை ஓட்டை ஒன்றில் விரலை விட்டுத் திருகினார்.

"மெமோ வாங்கினவங்கள நான் பாத்துகீறேன் பாப்பா. மறுநாள் லேம்ப் வாங்க வரும்போது கை நடுங்கும். அவன் கீழே போயி அந்தக் கையோட இன்னா வேல செய்வான்? உங்கப்பா பகல் பூரா தனியா கீறாரு. தப்பு அவருதுன்னு சொன்னா அப்புறம் அந்தப் பொட்டி கிட்டயே போவ மாட்டார். மூச்சு முட்டினாலும் பட்டன அமுத்த பயந்துகினு உக்காந்திருப்பாரு. அதான் சொல்லல." பிறகு, "தப்பாப் போச்சு," என்றார்.

டேப்பைப் பற்றிச் சொல்லாமலே நான் அப்பாவின் கட்டிலுக்குத் திரும்பினேன்.

அப்பா ஒன்பதாம் நாள் போய்விட்டார். அந்த நுரையீரலுக்கு அடுத்த மழைக்காலமே கஷ்டம்தான், விழுந்ததைக் காரணமாக வைத்துக்கொள்ளாதீர்கள் என்று டாக்டர் சொன்னார். நல்ல மனிதர். அவர் சொன்னதை நான் ஒரு வருடம் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன், மனது கேட்கவில்லை. பட்டனை அமுக்கி அமுக்கிப் பார்த்திருக்கிறார் என்று அக்கா சொன்னதுதான் காதில் நிற்கிறது. அது எத்தனை தடவையோ.

காரியம் முடிந்த மறுவாரம், யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று சொல்லி இன்வெர்ட்டரை எடுத்துப்போக அவரை வரச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை பகல். வழக்கம்போல் செருப்பை ஜோடி சேர்த்து வைத்துவிட்டு வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை, நேராகப் பெட்டியிடம் போய் வயர்களைக் கழற்ற ஆரம்பித்தார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முகத்தைப் பார்த்து என்னால் சொல்லியிருக்க முடியாது.

"சித்தப்பா, அந்த டேப்ப நாந்தான் பிய்ச்சேன்."

அவர் கை நிற்கவில்லை.

"கோவத்துல பிய்ச்சேன். உங்க மேல நம்பிக்கை இல்லாம பிய்ச்சேன். அப்பா சொன்னப்ப எனக்குத் தெரிஞ்சிடுச்சு. தெரிஞ்சும் அங்க நான் வாயத் திறக்கல. நீங்க தப்பு என்னுதுன்னு சொன்னதை அப்பிடியே வுட்டுட்டேன்."

"பழைய டேப்பு பாப்பா," என்றார். "வெயில் வந்தா பசை வுட்டுடும். தானா வுயுந்திருக்கும்."

"விழல. நான் பிய்ச்சேன்னு சொல்றேன்."

"உனக்கு அப்பிடித் தோணுது. அப்பன் போன துக்கத்துல எல்லாருக்கும் தோணும்."

"சித்தப்பா, ஒரு தடவை ஏசுங்களேன். உன்னாலதான்னு சொல்லுங்களேன்."

அவர் எழுந்து பேட்டரியை மார்போடு சேர்த்துத் தூக்கினார். சட்டையில் இன்னொரு ஓட்டைக்கு அது போதும். வாசலில் நின்று, "மத்தியானம் சாப்டியா?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் சைக்கிள் கேரியரில் பேட்டரியை வைத்துக் கட்டத் தொடங்கினார்.

அவர் யாருக்கும் துரோகம் செய்தவரல்ல. ஆனாலும் எனக்கு அவர்மேல் ஒரு கோபம் இருக்கிறது, சொன்னால் நியாயமாக இருக்காது. ஊரில் எத்தனையோ பேரின் தப்பை அவர் வாங்கித் தன் தலையில் போட்டுக்கொண்டு அவர்களை லேசாக்கி அனுப்பினார். என்னுடையதைத் தப்பே இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். வெயிலில் பசை விட்ட டேப் இல்லை அது. நகம் வலிக்க வலிக்கத்தான் பிய்ந்தது. அன்றைக்கு ரயிலில் போகும்போது நகக்கண்ணில் ஒட்டியிருந்த கறுப்புப் பசையை பெங்களூர் வரைக்கும் சுரண்டிக்கொண்டே போனேன்.